போறேன்

கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது என் வழக்கம். பொறுமைசாலி என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் திருநகரில் குடியிருந்தோம். அன்று மூன்றாவது நாளாக என் கணவரிடம் நான் பேசவில்லை. சமயநல்லூருக்கு வேலைக்குக் கிளம்பியவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, "போறேன்" என்றார்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டு இறங்கும் எவரும் "வாரேன்" என்றுதான் சொல்வார்கள். எழவு வீட்டில்கூடச் சொல்லாமல் கிளம்புவார்களே தவிர, "போறேன்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வாசலுக்கு ஓடினேன். ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்று முழுக்க மெயின் ரோட்டில் லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அரிசி போட மறந்து வெறும் உலையைக் கொதிக்கவிட்டேன். யாரும் வந்து கதவைத் தட்டிவிடக் கூடாதே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு வருகிறவர் ஏழரைக்கு வந்தார்.

"எம்புட்டுத் திமிர் இருந்தா போறேன்னு சொல்லுவீங்க?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆறு மணிக்கே வந்துட்டேன். நீ பேசாம இருக்கயில உள்ள வரப் பயமா இருந்துச்சு. அதான் முக்கு டீக்கடையில உக்காந்திருந்தேன்" என்றார்.