லாம்பெர்ட்டின் இரண்டு ஜோடிகள்

செல்ரைன் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குப் பலகைகளில் காலணியைப் பூட்டும் பிடி பொருத்துகிறவள் நோட்புர்கா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவள் போட்ட துளை இம்மி விலகியதாக யாரும் சொன்னதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் தன் வேலையைப் பற்றிப் பேச மாட்டாள். மலை வழிகாட்டியான தம்பி லாம்பெர்ட்டைப் பற்றித்தான் பேசுவாள். “வடக்குச் சரிவுல அவன் இறங்குனா கோடு கிழிச்ச மாதிரி இருக்கும்.”

ஜனவரியில் அந்தத் தம்பி புதுப் பலகைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். ஒல்லியான பலகை, விரல் பருமனில் பிடி. அவள் தராசில் போட்டுப் பார்த்தாள். பழையதில் பாதி எடைகூட இல்லை.

“இத வச்சு ரொட்டியில வெண்ணெய் தடவலாம்டா. மலையில இறங்க முடியாது.”

“முதல்ல இத மாட்டிக்கிட்டு மேல ஏறணும்க்கா. நான் உச்சிக்குப் போறதுக்குள்ள கூட வர்றவங்க டீயக் குடிச்சு முடிச்சிடுறாங்க.”

“இறுகுன பனியில இது உதறும்.”

“மார்ச் மாச மலைப் பயணத்துக்கு வழிகாட்டி ஆபீஸ்ல ஆள் பாக்குறாங்க. வருஷா வருஷம் நான் கூட்டிட்டுப் போனது. மெதுவா ஏறுறவனுக்கு இந்தத் தடவ கிடையாதாம். பொருத்திக் குடு. பழச வித்துடு.”

பொருத்திக் கொடுத்தாள். பழையதை விற்கவில்லை.

பிப்ரவரியில் லாம்பெர்ட் எல்லோருக்கும் முன்னால் உச்சியில் நின்றான். இறங்கும்போது, காற்று இறுக்கிவைத்திருந்த பனியின் மேல்தோடு உடைந்து உடைந்து பலகையை உள்ளே இழுத்தது. மூன்று முறை விழுந்தான். கூட வந்தவர்கள் கீழே போய் அவனுக்காகக் காத்து நின்றார்கள். மியூனிக்கிலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர் மறுபடி மேலே ஏறிவந்து, கை கொடுத்துத் தூக்கி, முதுகில் தட்டிக்கொடுத்தார். விழுந்ததைவிட அந்தத் தட்டுதான் அவனுக்கு வலித்தது. அவன் ஊர் திரும்புமுன் செய்தி ஆபீசுக்குப் போய்விட்டது. மார்ச் பயணம் வேறொருவனுக்குப் போனது.

அவன் கடைக்கு வந்தபோது நோட்புர்கா பழைய ஜோடியை எடுத்துவந்து வைத்தாள். மெழுகு பூசி, ஓரம் தீட்டி வைத்திருந்தாள்.

“அப்பவே சொன்னேன்ல?” குரலில் இருந்த வெற்றியை அவளால் மறைக்க முடியவில்லை.

அவன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். “ஏறும்போது இது கொல்லுது, இறங்கும்போது அது. நீ இன்னும் பலகையப் பத்தியே பேசிட்டு இரு.” பிறகு சொன்னான்: “திங்கக்கிழமையிலேர்ந்து அடிவாரத்துல பொடிசுங்களுக்குச் சொல்லித் தரணுமாம். இதோட பிடியச் சரி பண்ணிக் குடு.”

விழுந்தால் பிடி கழன்று காலைக் காப்பாற்ற வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதற்குச் சுவரில் அட்டவணை இருந்தது: எடை, பழக்கம், வயது. ஐம்பது தாண்டினால் ஒரு படி தளர்த்த வேண்டும். எவரானாலும் முகத்துக்கு நேரே வயதைக் கேட்டுத் தளர்த்துகிறவள் அவள். தம்பிக்கு ஐம்பது தாண்டி இரண்டு குளிர்காலம் ஆகியும் அவனுடைய பிடியின் திருகாணியை மட்டும் தொட்டதில்லை. புதுப் பிடியையும் அதே இறுக்கத்தில்தான் வைத்துக் கொடுத்திருந்தாள்.

இப்போது திருப்புளியை எடுத்தாள். ஒரு படி தளர்த்தினாள். அவன் அவள் கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

“ஊர்ல எல்லார்கிட்டயும் வயசக் கேட்ட,” என்றான். “என்கிட்ட மட்டும் கேக்கல.”

அவள் இரண்டாவது பலகையைத் தன் பக்கம் இழுத்து அதன் திருகாணியையும் தளர்த்தினாள்.