எருமைக்குரிய அதிகாரி அவர்களே!

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு விழா. பெண்களே சேர்ந்து ஆரம்பித்த பால் சொசைட்டிக்குப் புதுக் கட்டடம். தலைவி யார் தெரியுமா? என் தங்கை சரசு!

வரவேற்புரையும் அவள்தான். மைக் முன்னால் நிற்பது அதுவே முதல் தடவை. 'பொம்பளைங்க சொசைட்டி எத்தனை நாளைக்கு ஓடும்?' என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், முன்வரிசையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில், சேலத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி. ஊருக்கு மாட்டு டாக்டர் வேண்டும் என்று அவரிடம் கேட்டாக வேண்டும் – சரசுவின் கவலை அது ஒன்றுதான். வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் போன மாசம் அவளுடைய சினை எருமை செத்துப்போயிருந்தது.

தொண்டையைச் செருமினாள். கம்பீரமாக ஆரம்பித்தாள்.

"எருமைக்குரிய அதிகாரி அவர்களே!"

பெருமைதான்... எருமையாகிவிட்டது.

பந்தலே சிரித்தது. அதிகாரியின் முகம் சிவந்தது.

இதற்கென்றே நம்மிடம் ஒரு வார்த்தை இருக்கிறது – சொதப்பல். காலேஜ் பையன்கள் முதல் கல்யாணச் சமையல்காரர் வரை எல்லார் வாயிலும் இருக்கிறது. என்னிடமுள்ள பழைய அகராதியில்தான் காணோம். தவறு வேறு, சொதப்பல் வேறு. தவறைத் தனியறையில்கூடச் செய்யலாம். சொதப்பலுக்கு நாலு பேர் பார்க்க வேண்டும்! ரசத்தில் உப்பு கூடினால் தவறு... சம்பந்தி சாப்பிட வந்த அன்று கூடினால் சொதப்பல்.

ஆனால், அடுத்தவரைப் பற்றித்தானே இதைச் சொல்கிறோம்? 'சொதப்பிட்டான்' – சுலபம். 'சொதப்பிட்டேன்'?

சரசு சொன்னாள். மைக்கிலேயே சொன்னாள்.

"சொதப்பிட்டனுங்க! அய்யா மன்னிக்கோணும். எல்லாரும் நல்லாச் சிரிங்க... சிரிச்சு முடிச்சதும் பேசறேன்."

பந்தல் அடங்கியது.

"தூங்கி எந்திரிச்சா எருமை மூஞ்சியிலதானுங்க முழிக்கறோம். வாயிலயும் அதுதான் மொதல்ல வருது. போன மாசம் என்ற எருமை சினையோட செத்துப்போச்சுங்க. நாமக்கல் போயி டாக்டரைக் கூட்டியாரதுக்குள்ள உசுரு போயிருச்சு. இங்க நெறயாப் பேரு ஊட்டுல இதே கதைதானுங்க. எங்களுக்கு ஒரு மாட்டு டாக்டர் வேணுமுங்க. அனுப்பி வெச்சீங்கன்னா... நீங்க நெசமாவே எருமைக்குரிய அதிகாரிதானுங்க!"

இந்தத் தடவை முதலில் சிரித்தவர் அதிகாரி. எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"அந்தப் பட்டத்தை நான் வாங்கிக்கிறேம்மா. வாரம் ரெண்டு நாள் டாக்டர் இங்கே வருவார்."

முன்வரிசைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். (வெறும் மேடைப் பேச்சில்லை. வியாழக்கிழமையே டாக்டர் வந்து, மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாராம்.)

பக்கத்து நாற்காலியில் இருந்த வெளியூர்க்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, யாருங்க அந்தம்மா?"

"என்ற தங்கச்சிங்க!"

அவராவது கேட்டார். கேட்காதவர்களுக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்!