கடலுக்குக் கொண்டுபோன அரிசி

கருவாட்டு வாசனை வந்தால் இன்றும் எனக்கு அக்காவின் முகம்தான் முன்னால் வருகிறது. மழைக்காலம் முழுக்க எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் ஒற்றை அறை வீடுகளின் எல்லா அடுப்பிலும் கருவாடு வறுபடும். எங்கள் காம்பிராவில் மட்டும் கிடையாது. எங்கள் பாட்டனின் பாட்டன் மூத்த மகனோடு கடல் தாண்டி முன்னால் இந்த மலைக்கு வந்துவிட்டார். பின்னால் கப்பலேறிய அவர் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்து சேரவில்லை. கப்பல் மூழ்கிவிட்டது என்ற சேதிதான் வந்தது. அன்றிலிருந்து கடலோடு எங்கள் வீட்டுக்குப் பகை. கடலில் பிடித்த எதையும் தின்பதில்லை.

“என்னா ஐயரம்மா, இன்னைக்கும் பருப்புதானா?” என்பாள் பக்கத்துக் காம்பிராக்காரி.

“ஆமா, ஒங்க வீட்டு நாத்தத்துல அந்தப் பருப்பும் எறங்க மாட்டேங்குது” என்பாள் அக்கா.

கல்யாணம் செய்துகொள்ளாமல், கொழுந்தெடுத்து என்னை வளர்த்தவள். வேலை ஓய்ந்த பிறகு அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அந்த மூன்று பேருக்கும் யாரும் படையல் வைத்ததில்லை. கப்பல் மூழ்கிய இடம் தெரிந்தால், அந்தத் திசை பார்த்துக் கடலில் ஒரு பிடி அரிசியாவது போட வேண்டும். கப்பலின் பேர் மட்டும் வாய்வழியாக எங்களிடம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காகிதமெல்லாம் கொழும்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அரிசியையும் எள்ளையும் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வட்டகொடையில் ரயிலேறினோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆபீஸ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காதான் சிங்களத்தில் விசாரித்தாள். அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாகத் தேடி, பழைய ஏடு ஒன்றைப் பிரித்து வைத்து மெதுவாகச் சொன்னார். கப்பல் மூழ்கியது உண்மை. ஆனால் திரும்பிப் போகையில், சனம் யாரும் ஏறாமல். வந்தவர்கள் எல்லாரும் மன்னாரில் கரையிறங்கியிருந்தார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்ததில் செத்து விழுந்தவர்களின் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அக்கா வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். கடலுக்குப் போவோமா என்று கேட்டேன்.

“அங்க என்னாத்துக்கு? அவங்க கரையேறிட்டாங்கடா தம்பி. கடலு ஒண்ணும் செய்யல. நம்மதான் சும்மா கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.” சிரித்தாள். பிறகு, “சின்னப் புள்ளைங்கள எந்த மரத்தடியில விட்டுச்சோ அந்த மனுசி” என்றவள் அரிசி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வட்டகொடையில் இறங்கி லயத்துக்கு ஏறும் வழியில் நின்றாள். ரோட்டோரத்துப் புல்லை விலக்கி அரிசி முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். “எங்கன்னு தெரியாட்டி என்னா. இந்த ரோட்டத் தேடித்தானே நடந்தாங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்பில் முதல்முறையாகக் கருவாடு வறுபட்டது. ஒரு துண்டை வாயில் போட்டு, “இம்புட்டு ருசியாடா இது!” என்றாள். இரண்டாம் துண்டுக்குப் போன கை பாதியில் நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியை அப்படியே பக்கத்துக் காம்பிராவில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவளும் போய்விட்டாள்.

அவள் போன நாளில் வருசா வருசம் அதே ரோட்டோரத்தில் இலை போடுகிறேன். அந்த மூன்று பேருக்கும் மூன்று பிடி சோறு. பக்கத்தில் அக்காவுக்கு ஒரு பிடி. அதன்மேல் ஒரு துண்டு கருவாடு, அன்றைக்கு அவள் கை எடுக்காமல் விட்டது.