கம்பளிக்குள் அப்பா

வில்பட்டியில் முட்டைக்கோஸ் பயிரிட்டுப் பிழைத்த என் அப்பாவுக்கு ஒரு கோளாறு இருந்தது. கவிதை எழுதுவார். அதிலும் யாரும் எழுதாத மாதிரிதான் எழுதுவேன் என்று பிடிவாதம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் தையல் கடையில் நாலைந்து பேர் கூடி, எழுதியதைச் சொல்லிக்காட்டி, நிறைகுறை பேசுவார்கள். தையல்காரர், தபால்காரர், அப்பா. என் போதாத காலம், எங்கள் வகுப்பு வாத்தியாரும் அதில் ஒருவர்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருமுறை நானும் போனேன். வழியில் எதிரே ஆள் தெரியாதபடி பனி இறங்கியது. அப்படி இறங்கினால் முன்னால் போகிறவர் குரல் கொடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர் பதில் சொல்ல வேண்டும். அப்பா, "நான் இங்க இருக்கேன், நீ எங்க இருக்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் "இந்தா இருக்கேன்ப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கடையில் அப்பாவின் முறை வந்தது. கையில் தாள் இல்லை, கம்பளிதான் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து, "நான் சொல்ற ஒவ்வொரு அடிக்கும் என்னயக் கொஞ்சங்கொஞ்சமா மூடு தாயி" என்றார்.

"மலை போச்சு." காலை மூடினேன். "மரம் போச்சு." இடுப்பு வரை இழுத்தேன். "வழியும் போச்சு." தலையையும் மூடிவிட்டேன். பிறகு உள்ளிருந்து ஏதோ முனகல். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது: "நான் இங்க இருக்கேன், நீ எங்க இருக்க?"

கம்பளி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இது கவிதையா, குளிர்சுரமாங்க?" என்றார் தபால்காரர். வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு மானமே போயிற்று. நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்பில் உட்காருவது? உள்ளே அப்பா மறுபடியும் அதையே கேட்டார். நான் கம்பளியை விட்டுவிட்டு, வேறு யாருடனோ வந்தவள் போல வாசலில் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் அவரே தலைமுடி கலைந்து வெளியே வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா கடைசி அடியக் காணோமே?" என்றார் தையல்காரர்.

"இருக்குங்க. அத நான் சொல்லக் கூடாது" என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது பனி இன்னும் கனத்துவிட்டது. அப்பா வெகுநேரம் குரலே கொடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "நான் இங்க இருக்கேன், நீ எங்க இருக்க?" என்றார்.

சிரிக்க அங்கே யாரும் இல்லை. "இந்தா இருக்கேன்ப்பா!" என்று கத்தினேன்.

அப்பா நின்றுவிட்டார். எதற்கு நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை. "குளிருதுப்பா, வெரசா நடங்க" என்றேன்.