ஒண்ணுமே பிடிக்கலை என்று சொல்ல ஒரு ஆசை

சாப்பிடும்போது பேசக்கூடாது என்பார்கள். என் தோழி பேசமாட்டாள், கேள்வி கேட்பாள்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு புடவைக் கடையில் இருவருக்கும் வேலை. அவளுக்குப் பட்டு, எனக்குக் காட்டன். காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலில்தான் வியாபாரம். மதியம் இருபது நிமிடம் மட்டும் மாடிக்குப் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். இரண்டாவது வாய் உள்ளே போவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

“அரண்மனைய ஒரு நாளைக்கு உனக்குக் குடுத்துட்டா மொதல்ல என்ன பண்ணுவ?”

“அத்தனை லைட்டையும் அணைப்பேன். கரெண்ட் பில்லை யார் கட்டறது?”

“தூ! நானா இருந்தா தசரா யானை மேல ஏறிக் கடைக்கு வருவேன். மொதலாளி வாசல்ல நின்னு கும்புடோணும்.”

“லேட்டா வந்தா யானைக்கும் சேர்த்து அரை நாள் சம்பளம் பிடிப்பார்.”

அவள் கொள்ளேகால் பக்கத்துக்காரி. விவசாயக் குடும்பம், கொங்குத் தமிழ். நான் மைசூரிலேயே பிறந்து, கன்னடத்தில் படித்து, தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள். அவளுடைய ஆசைகள் எல்லாம் ஆகாசத்தில் இருக்கும். என்னுடையவை மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். அது அவளுக்கு ஆகாது.

“அடுத்த சென்மத்துல மார்க்கெட்டுல காயாப் பொறந்தா, என்ன காயி?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“சேனைக்கிழங்கு. யாரும் அமுக்கிப் பார்க்கமாட்டாங்க.”

“நானு ரசபாளை வாழப்பழம்.”

“அது பழம். நீ காய்தானே கேட்டே?”

“கேள்வி என்னோடது. சட்டமும் என்னோடதுதான்.”

புருஷனுக்கு ஒரே ஒரு பட்டன் வைக்கலாம் என்றால் எது என்று இன்னொரு நாள் கேட்டாள். நான் யோசிக்காமல் சத்தத்தை நிறுத்தும் பட்டன் என்றேன். அவள் மோர்சாதம் முடியும்வரை யோசித்துவிட்டு, “என்ற வூட்டுக்காரருக்கு ஆன் பட்டனே இன்னும் கெடைக்கலடி” என்றாள். இருவருக்கும் புரையேறியது. கீழே இருந்து மேனேஜர் குரல் கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கே ஒரு குறையும் சொல்லிவிட்டாள். “உன்ற ஆசையெல்லாம் ரேசன் கடை ஆச. நெசமா ஒண்ணே ஒண்ணு சொல்லு பாக்கலாம்.” எனக்குச் சுருக்கென்றது. இவளுக்கு ஆசை மூட்டை மூட்டையாக இருந்தால் ஊரில் எல்லோருக்கும் இருக்க வேண்டுமா? டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு அவளிடம் பேசாமல் இறங்கிப்போனேன். வீம்பு எனக்குப் பிறவிச் சொத்து.

கௌரி ஹப்பா பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் அந்த வீம்பு உடைந்தது. அன்று காலை ஓர் அம்மாள் வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கடை தந்த பாதாம் பாலைக் குடித்துக்கொண்டே எழுபது புடவை பிரிக்க வைத்தாள். “இதே கலர், இதே பார்டர், ஆனா வேற மாதிரி” வேண்டுமாம். ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டையும் காலி செய்தேன். கடைசியில் உதட்டைப் பிதுக்கி, “ஒண்ணும் பிடிக்கலை” என்று எழுந்து போனாள். என் முழங்கால் இரண்டும் அழுதன.

மதியம் தோழி வழக்கம்போல, “நாளைக்கே நெறவேறும்னா என்ன கேப்ப?” என்றாள்.

கொட்டிவிட்டேன். “அந்த அம்மா மாதிரி உட்காரணும். கடைல இருக்கற அத்தனையும் எடுத்துப் போடச் சொல்லணும். பால் குடிக்கணும். ஒண்ணுமே பிடிக்கலைன்னு சொல்லிட்டு எழுந்து வரணும். ஒரே ஒரு தடவை போதும்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தாள்.

“செவ்வாக்கெழம லீவுதானே. போலாம்,” என்றாள்.

எங்களை யாருக்கும் தெரியாத கடையாக, ஊரின் மறுகோடியில் ஒன்றைப் பிடித்தாள். தன் கவரிங் செயினை எனக்குப் போட்டுவிட்டு, “மூஞ்சிய எதுவும் புடிக்காத மாதிரி வெச்சுக்கோ” என்றாள். அது எனக்குச் சுலபம். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிப் பழகினேன். முன்சீட்டுக் கிழவர் இறங்கும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அங்கே கவுண்டர் கிடையாது, வெள்ளை மெத்தைதான். “பன்னி அக்கா, ஏன் தோர்ஸ்லி?” வாங்க அக்கா, என்ன காட்டட்டும் என்று கன்னடத்தில் கேட்டபடி எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தாள் ஒரு பெண். எங்களைவிட இளையவள். நான் சாய்ந்து உட்கார்ந்தேன். கால் நீட்டினேன். எலுமிச்சை ஜூஸ் வந்தது. சாயம் போகுமா என்றேன், வெளிச்சத்தில் காட்டு என்றேன், என் நாத்தனாரிடம் இதே இருக்கிறது என்றேன். எனக்கு நாத்தனாரே கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட உட்கார்ந்ததில்லை.

நாற்பதாவது புடவையோ என்னவோ, விரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தது. அவ்வளவுதான். நானும் தோழியும் ஒன்றாகத் துள்ளி எழுந்து, கைகூப்பி, “பன்னி மேடம், பன்னி, ஒளகே பன்னி!” என்று உள்ளே அழைத்தோம்.

அந்தக் குடும்பத்து அம்மா நேரே என்னிடம் வந்து பிளவுஸ் பிட் எங்கே என்றாள். “மேல் மாடி,” என்று கைகாட்டினாள் என் தோழி. அந்தக் கடைக்கு மாடியே இல்லை. வேறொரு பையன் ஓடிவந்து அவர்களை அந்தப் பக்கம் அழைத்துப் போனான்.

எங்களுக்குப் புடவை காட்டியவள் சிரிக்கவில்லை. எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்தக் கடை அக்கா நீங்க?” என்று தமிழில் கேட்டாள்.

மானம் போயிற்று. கடையைச் சொன்னேன். “வாங்க வரலைம்மா. சும்மா ஒரு ஆசை, உட்கார்ந்து பார்க்கணும்னு. மன்னிச்சுக்கோ,” என்று சொல்லிக் குனிந்து, விரித்துக் கிடந்ததை மடிக்க ஆரம்பித்தேன். தோழி மறுமுனையை எடுத்தாள்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“மடிக்காதீங்கக்கா. உட்காருங்க. இங்க கஸ்டமர் உட்கார்ந்தாத்தான் நாங்களும் உட்காரலாம். காலையிலேர்ந்து இப்பத்தான் உட்கார்ந்தேன்.”

உட்கார்ந்தோம். மேல் தட்டுப் பக்கம் கைகாட்டவே இல்லை. மெத்தையில் கிடந்த புடவைகளையே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னோம். அவளும் மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொன்றாக விரித்தாள். மூன்று பேரும் கால் நீட்டிக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் எதுவும் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.