சிலுவையடிச் சப்பாத்து

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காதால் கேட்டதை, கையால் தொட்டதை மட்டும் எழுதுகிறேன்.

1976 மார்ச். மெல்பேர்னுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் ஒரு இத்தாலியனுடைய திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டும் வேலை. தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய மண்பாதை மலையுச்சி மாதா கோயிலுக்குப் போகும். நூறு வருசமாக வேதக்காரர் அந்தப் பாதையால்தான் யாத்திரை போகிறார்கள். தோட்டத்து வாசலில் ஒரு மரச்சிலுவை. அதனடியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். இறங்கி வந்து போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்தச் சனிக்கிழமை யாத்திரை. பின்னேரம் எல்லோரும் போய்விட்டார்கள். சிலுவையடியில் ஒரு சோடி மட்டும் கிடந்தது. மண்ணிறத் தோல், கனமான அடி. என்னுடையது ஓட்டைச் சப்பாத்து. போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. கொண்டு வந்துவிட்டேன்.

குடிலில் என்னோடு இருந்த வரதராஜா கண்டுவிட்டான்.

“என்ன அண்ணை, புதுமாப்பிள்ளை மாதிரி? ஆற்றை சப்பாத்து?”

“கிடந்தது, எடுத்தனான்.”

“நல்லூர்க் கோயிலில செருப்புக் களவெடுத்த ஆக்களை இஞ்ச கப்பலேத்தி விட்டிருக்கினம் போல.”

“உன்ரை அலுவலைப் பார்.”

சிரித்துக்கொண்டு அவன் டவுனுக்குப் படம் பார்க்கப் போய்விட்டான். இரவு அங்கேயே தங்கிவிட்டு விடியத்தான் வருவான்.

பொழுதுபடுகிற நேரம் முதலாளி டிராக்டரில் வந்தான். சிலுவையடியில் சப்பாத்து ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று கேட்டான். முதலாளிமாரை நான் நம்புகிறதில்லை. பறிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். இல்லை என்றேன். வடிவாகப் பார்த்தாயா என்று மறுபடி கேட்டான். பார்த்தேன், ஒன்றுமில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் கேற்றைப் பூட்டினான்.

ஒன்பதரை மணி. படுத்திருந்தேன். வெளியே... பச்... பச்...

விழுந்து கிடக்கிற பழத்தை வெறுங்கால் மிதிக்கிற சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து, மெதுவாகக் குடிலைச் சுற்றியது.

“ஆர்?”

யன்னலால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மண்ணில் அடையாளமும் இல்லை.

சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே, சுவரைப் பார்க்க வைத்திருந்தேன். இப்போது அது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது...

பதினொன்றேகால். மறுபடி... பச்... பச்...

சப்பாத்து கட்டிலுக்கு வெளியே வந்திருந்தது. கையை உள்ளே விட்டேன். சூடு. இப்போதுதான் யாரோ கழற்றியது போல.

இரண்டு மணி. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு. நோவில் இழுத்து இழுத்து விடுகிற மூச்சு...

கதவைத் திறக்கவில்லை.

“போ... என்னட்டை ஒண்டுமில்லை...”

அப்போதும் பொய்தான் சொன்னேன்.

மூன்று ஐம்பது. தாங்க முடியவில்லை. யன்னலைத் திறந்து சப்பாத்தை எறிந்தேன்.

அமைதி.

பிறகு...

டொக்... டொக்... டொக்...

சப்பாத்துக் கால். மலைப்பக்கம் போனது.

நாலு மணிக்கு நின்றது.

விடிந்ததும் வரதராஜா ஓடி வந்தான்.

“அண்ணை, மேலை பள்ளத்துக்கை ஒரு கிழவன் செத்துக் கிடக்கிறார். கெதியா வாங்கோ!”

போனேன். யாத்திரை வந்தவர். பாதையால் சறுக்கி விழுந்திருந்தார். காலில் அந்தச் சப்பாத்து. நாடாவும் இறுக்கிக் கட்டியிருந்தது.

முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனுசன் சப்பாத்தோடேயே ஏறியிருக்கிறார், அதுதான் தெரியாமல் போயிற்று என்றான். சிலுவையடியில் ஒரு சோடி மிஞ்சினால் ஒரு ஆள் மேலே நிற்கிறான் என்று அர்த்தமாம். லாந்தர் எடுத்துக்கொண்டு தேடப் போவார்களாம். அவனுடைய அப்பன் காலத்து வழக்கமாம்.

நான் வாய் திறக்கவில்லை. அன்று மட்டுமில்லை, இன்றுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து, டொக்டர் சொன்னதை வரதராஜா கேட்டுவந்து சொன்னான்.

“ரெண்டு காலும் முறிஞ்சு போச்சாம். ஒரு அடியும் நடந்திருக்கேலாதாம். விழுந்தது பின்னேரமாம் அண்ணை. உயிர் போனது விடியப்புறம் நாலு மணிபோலதானாம்.”

நாலு மணி.

அந்த இரவு என் குடிலைச் சுற்றி வந்தது... செத்த மனுசன் இல்லை, உயிரோடு கிடந்த மனுசன்.