பீன்ஸின் மேல் வைத்த குடை

எங்கள் வீட்டுக் கொல்லையில் பட்டர் பீன்ஸ் கொடி ஏறுவதற்காக நான் நட்டு வைத்திருப்பது ஒரு பழைய குடை. துணி எப்போதோ கிழிந்து போய்விட்டது. கம்பிகள் மட்டும் மேலே விரிந்து நிற்கின்றன. கிளிமூக்குப் போல வளைந்த அதன் மரப்பிடியை ஆழமாகத் தோண்டி மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மருமகள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் பாட்டி, ஒரு நல்ல கம்பு கெடைக்கலையா?" என்று கேட்டாள். கிடைக்காமல் இல்லை என்று மட்டும் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். நாலு பேரிடம் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேச வராததை எழுதியாவது பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் குடை என் வீட்டுக்காரரின் அக்காவுடையது. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். அவருக்கும் மனசுக்குள் கஷ்டம் இருந்திருக்கும் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் வாழ்க்கைப்பட்டுக் கோடைக்கானலுக்கு வந்தபோது வீட்டுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். வந்ததும் அக்கா சொன்னது சரி என்பார், சாப்பிடுவார், படுத்துக்கொள்வார்.

சித்திரை பிறந்தால் கீழே வெயில் தாங்காமல் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ஆட்கள் குடும்பத்தோடு மலையேறி வருவார்கள். முன்பக்க அறைகளை அவர்களுக்கு விட்டு, மூன்று வேளையும் சமைத்துப் போடுவோம். போடுவோம் என்பது பேச்சுக்கு. ஆய்வது, உரிப்பது, அரைப்பது, ஈர விறகை ஊதுவது எல்லாம் நான். தாளித்துக் கொட்டுவதும், பந்தியில் வந்து நின்று "இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க" என்பதும் அவர். அவருடைய கைப்பக்குவத்தை வந்தவர்கள் எல்லோரும் புகழ்வார்கள். பட்டர் பீன்ஸை உரித்து வேகவைத்து, தேங்காயும் சோம்பும் மையாக அரைத்துவிட்டு, மலைப்பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு ஒரு குருமா வைப்பார். அதற்காகவே மறு சீசனும் எங்கள் வீட்டைத் தேடி வந்தவர்கள் உண்டு. ருசியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காய் எப்படி வீட்டுக்கு வந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் தொண்டையில் அது இறங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. கோடையின் தொடக்கத்தில் சந்தையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மண் காயாத காரட், இலையோடு நூல்கோல், பூம்பாறையிலிருந்து தாளோடு கட்டிக் கொண்டுவந்த பூண்டு, பழுத்தும் பழுக்காமலும் பிளம்ஸ், தொட்டால் கை கூசும் பீச் பழம். என் ஆத்தா வெள்ளகவியிலிருந்து வருவாள். அங்கே வண்டி போகாது, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைதான். கோழி கூப்பிட எழுந்து, சும்மாட்டின் மேல் பீன்ஸ் கூடையை வைத்து ஏறத் தொடங்கினால் வெயில் உறைக்கும்போது சந்தைக்கு வந்து சேர்வாள். விற்ற காசில் அரிசியும் உப்பும் சீமெண்ணெயும் வாங்கிக்கொண்டு, மஞ்சு மூடிப் பனியாய் இறங்கும் முன்னால் திரும்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் மழை பிடித்துவிட்டால் பாறைகள் வழுக்கும். கால் முழுக்க அட்டை ஏறும். காட்டெருமை எந்த வளைவில் நிற்கிறதென்று மஞ்சுக்குள் தெரியாது. அப்படி இறங்கி, வீடு வந்து சேராதவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

சந்தையில் அப்போது ஒரு வழக்கம். காய் பிடித்துப்போனால் விலையைப் பேசிவிட்டு, தன் பையையோ துண்டையோ அந்தக் குவியலின் மேல் வைத்துவிட்டுப் போகலாம். வைத்துவிட்டால் அது அவர்களுடைய காய். வேறு யாரும் கேட்க மாட்டார்கள். விற்கிறவளும் அந்தப் பையைத் தொட்டு எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆளையே அவமதித்த மாதிரி. வைத்தவர்கள் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வந்து காசைக் கொடுத்து அள்ளிக்கொண்டு போவார்கள். மதினி மட்டும் விலை பேசாமலே வைப்பார். ஆத்தாவின் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை நகத்தால் கீறி, "முத்தலா இருக்கு, பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கறுப்புக் குடையைக் குறுக்கே கிடத்திவிட்டுப் போய்விடுவார். வெள்ளைக்காரர் பங்களாச் சமையல்காரர்களும் ஓட்டல்காரர்களும் வருவார்கள், குடையைப் பார்ப்பார்கள், அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார்கள். முதல் தூறல் விழுந்து சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் மதினி திரும்பி வருவார். அப்போது அவர் சொன்னது விலை. பாரத்தை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டு மழையில் காடு இறங்க யாரால் முடியும்? காயைச் சாக்கில் கொட்டிக் கட்டி என் தலையில் ஏற்றிவிட்டு அவர் குடையை விரிப்பார். ஆத்தா நனைந்துகொண்டே அரிசிக் கடைக்கு ஓடுவாள்.

பெண் கொடுத்த இடம் என்று ஆத்தா வாயைத் திறக்க மாட்டாள். பக்கத்தில் பூண்டு விற்கும் பூம்பாறை அம்மாள்தான் திறப்பாள். "என்னத்தா, ஒங்க மதினி எம் பூண்டு மேலயெல்லாம் குடைய வைக்க மாட்டாகளாக்கும்? சம்மந்தி வீட்டுக் காய்தான் ருசிக்கும் போல" என்பாள். இன்னொரு நாள், "பீன்ஸுக்கு வெயில் படாமப் பாத்துக்கிட்டவுக, பெத்தவளுக்கு மழைக்கு ஒதுங்க ஒரு ஓரம் குடுக்கலாம்ல?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆத்தா மடியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

குடை கிடக்கும் அந்த நேரம் முழுக்க மதினி என்னைக் காவலுக்கு அங்கேயே விட்டுவிட்டுப் போவார். வாரம் முழுக்க நான் காத்திருந்த நேரம் அதுதான். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தம்பி தங்கைகளைப் பற்றிக் கேட்கலாம். அவள் என் கையை எடுத்து விரித்துப் பார்த்து, அரிவாள்மனை வெட்டைத் தடவி, ஒன்றும் கேட்காமல் மூடி வைப்பாள். ஆனால் என்னால் அதைச் சந்தோஷமாக அனுபவிக்க முடிந்ததில்லை. கண் மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் ஆத்தாவோடு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவள் காட்டுக்குள் இருட்டில் நடக்க வேண்டிய நிமிஷம். பெற்றவள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று மகளையே நினைக்க வைத்தார் மதினி. அடித்ததையும் வைததையும்கூட நான் மறந்திருப்பேன், இதை முடியவில்லை.

ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை ஆத்தா காய்ச்சலோடு வந்திருந்தாள். கூடையை இறக்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதினி வழக்கம்போலக் காயை உடைத்தார், கீறினார், குடையைக் கிடத்தினார், போனார். கொஞ்ச நேரம் கழித்து ஆத்தா, "ஒங்க மதினிய வெரசா வரச் சொல்லுத்தா. மேலு காயுது. வெள்ளனே போயிட்டா நல்லது" என்றாள். அவள் அப்படிக் கேட்டது அது ஒரு தடவைதான். நான் தேடிக்கொண்டு ஓடினேன். மதினி வளையல் கடைப் பலகையில் உட்கார்ந்து தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஒங்காத்தாளுக்குக் காச்சல்னா நான் என்ன டாக்டரா? போயி நில்லு, வருவோம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்க, "சம்மந்தியம்மாவுக்குக் குளுருதாம், கம்பளி போத்தணுமாம்" என்றார். பெண்கள் சிரித்தது நான் திரும்பி நடக்கும்போது முதுகில் கேட்டது.

திரும்பி வந்தபோது குவியலின் முன்னால் ஒரு பங்களாச் சமையல்காரர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய பிரம்புக் கூடை. "நாளைக்கு எங்க பங்களாவுல பெரிய டின்னர். மொத்தமும் வேணும், கேக்குற வெலையத் தர்றேன். யாரு குடை இது? பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டார். ஆத்தா குடையையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கூடை விளிம்பில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். மேற்கே மேகம் கறுத்திருந்தது. குடையை எடுத்தால் எனக்கு இனிச் சந்தை கிடையாது, ஆத்தா கிடையாது என்று தெரியும். எடுக்காவிட்டால் அவள் அந்த உடம்போடு மழையில் இறங்குவாள். பூம்பாறை அம்மாள் பூண்டை அடுக்குவது போலக் குனிந்துகொண்டாள். நான் குனிந்து குடையை எடுத்தேன். "எங்க வீட்டுக் குடைதாங்க. மறந்து வச்சுட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. காயை அள்ளத் தொடங்கினார்.

ஆத்தா எழுந்து முந்தானையை உதறிக் கட்டினாள். என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கை அடுப்புச் சட்டி மாதிரிக் கொதித்தது. "ஏந்தாயி" என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு அரிசிக் கடைப் பக்கம் போனாள். பாதை இறங்கும் இடத்தில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

தூறல் விழுந்தது, மதினி வந்தார். குவியல் இருந்த இடத்தில் நசுங்கிய ரெண்டு காய் கிடந்தது. நான் குடையோடு நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை. என் கையிலிருந்த குடையை வாங்கி, விரித்து, "சந்தையில இனிமே ஒனக்குச் சோலி இல்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் வெறும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்துகொண்டே பின்னால் போனேன். அன்று இரவு கொல்லையிலிருந்த சௌசௌவைப் பறித்துக் கூட்டு வைத்தோம். குருமா எங்கே என்று விருந்தாளிகள் கேட்டார்கள். "எந் தம்பி பொண்டாட்டி பெரிய மனுசி. வீட்டுக்கு வேண்டிய காய வெள்ளக்காரனுக்குத் தானம் பண்ணிட்டு வந்திருக்கா" என்றார் மதினி. பந்தி முழுக்கச் சிரித்தது. சோறு போட்டுக்கொண்டு வந்த நான் அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அடுப்படியில் விட்டுவிட்டு அவர் மட்டும் போய் வந்தார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் உரிப்பதற்கு பீன்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். சாக்கில் இல்லை. வாழைப்பட்டையில் பொதிந்து நாரால் கட்டியிருந்தது. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகி விடும் முடிச்சு, ஆத்தா போடுவது. "ஆத்தா வந்துச்சா மதினி?" என்றேன். "வந்தா, குடுத்தா, போயிட்டா. நீ குளிச்சுக்கிட்டு இருக்கன்னு சொன்னேன். ஒனக்கென்ன இப்ப?" என்றார். நான் குளிக்கவில்லை. கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். அம்மிச் சத்தம் ஆத்தாவுக்குக் கேட்டிருக்கும்.

ஆத்தா அப்புறமும் பொதியைக் கொண்டுவந்தாள். என்னைப் பார்க்க விடுவார்கள் என்று கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் தூங்கினேன், கடைக்குப் போயிருந்தேன், தீட்டாக இருந்தேன். அவள் கொண்டுவந்த காயை நானே உரித்தேன், நானே வேகவைத்தேன். மதினி தாளித்துக் கொட்டி, பந்தியில் நின்று பேர் வாங்கினார். குடை வைத்து வாங்கியபோது கொஞ்சமாவது காசு கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொன்னேன். "அக்காவுக்குத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசி அடைமழையில் ஆத்தா செத்துப்போனாள். பாதையில் இல்லை, வீட்டில், காய்ச்சலில். ஊர் ஆள் வந்து சொன்னபோது மதினி, "போயிட்டு வெரசா வா, அரிசி ஊறப் போட்டிருக்கேன்" என்றார். சந்தையில் என் கன்னத்தைத் தொட்டதுதான் ஆத்தா என்னைக் கடைசியாகத் தொட்டது.

மதினி நீண்ட காலம் இருந்தார். கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையானபோது பார்த்தது நான்தான். வேறு யார் பார்ப்பார்கள்? பீன்ஸ் குருமா கேட்பார். பல் இல்லாததால் மசித்துக் கொடுப்பேன். "ஒங்கைக்கு ருசி வரல" என்பார். குடையைக் கண்ணில் படும்படி சுவரில் மாட்டச் சொல்லியிருந்தார். அவர் இறந்த அன்று சொந்தக்காரப் பெண்கள், குடை இல்லாமல் வெளியே கால் வைக்க மாட்டாரே என்று அழுதுகொண்டு, அதை எடுத்து அவர் மேல் குறுக்கே கிடத்தினார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் குனிந்து குடையை எடுத்தேன். யாரோ "ஏன்?" என்றார்கள். இந்தத் தடவை நான் மறந்து வைத்ததாகச் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நெய்ப்பந்தம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு வழி விட்டு நின்றேன்.

போனவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது சந்தைக்குக் காய் லாரியில் வருகிறது. மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். யாரும் யாருடைய குவியல் மேலும் எதையும் வைப்பதில்லை. நான் காலையிலேயே போய், சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வந்துவிடுகிறேன். பீன்ஸ் மட்டும் வாங்குவதில்லை. அது வீட்டிலேயே காய்க்கிறது. தேங்காய், சோம்பு எதுவும் இல்லாமல், ஆத்தா செய்வது மாதிரி உப்புப் போட்டு வேகவைத்து, ரெண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, யாருக்கும் பரிமாறாமல் முதலில் நானே சாப்பிடுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொல்லை தெரிகிறது. கொடி கம்பியெல்லாம் சுற்றி ஏறி, கொத்துக் கொத்தாகக் காய் தொங்குகிறது. குடை நனைந்துகொண்டிருக்கிறது. நான் உள்ளே இருக்கிறேன்.